மாடு இடிக்காத கிரைண்டர்

கொடைக்கானல் மலையில், கவுஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பொன்னுவேல் வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாம் கேட்பதற்குள் பொன்னுவேலே வந்து சொல்லிவிடுவார்.

"அந்தா, ரோஸ் கலர்ல ரெண்டு தூண் வச்சுத் தெரியுது பாருங்க, அதான் நம்ம வீடு. கல்லு சுமந்தது இந்தத் தோளு. சாந்து குழைச்சது இந்தக் கை. கொத்து வேலை ஒண்ணுதான் அடுத்தவன்கிட்ட விட்ட சோலி."

சொல்வதில் பொய் கிடையாது. ஒன்பது வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு தலையில் ஏறியதெல்லாம் கேரட் மூட்டைதான். வண்டி போகாத காட்டிலிருந்து மேட்டு ரோடு வரை மூட்டை சுமந்தார். கூலிக்கு உருளைக்கிழங்கு தோண்டினார். அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, அதையே விலைக்கு வாங்கி, பக்கத்தில் இரண்டு ஏக்கர் சேர்த்து, சரிவை வெட்டிப் படிப்படியாகக் கல் கட்டினார். அந்தப் படிகளில் ஒன்றைக்கூட அவருடைய அப்பன் கட்டிவைத்துவிட்டுப் போகவில்லை. ஆளைப் படிக்காதவர் என்று சொல்லலாம். உழைக்காதவர் என்று சொல்ல ஊருக்குள் ஒரு நாக்கு கிடையாது.

ஆனால் ஒரு சின்ன விஷயம். செய்ததைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வார். பத்து மூட்டை விளைந்தால் இருபது. இருபது விளைந்தால், "எண்ணவே முடியலப்பா, விட்டுட்டேன்." ஊர் இதற்குப் பழகிவிட்டது. அவர் சொல்வதில் பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியை டீக்கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அவர் மனைவி சுந்தராம்பாள் மட்டும் முப்பத்தெட்டு வருஷமாக முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மலைப்பூண்டு விளைகிற ஊரில் வீட்டுக்கு முகம் என்பது வாசல் அல்ல, அடுப்படிப் பரண். பூண்டைத் தாளோடு பிடுங்கி, காயவைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, விறகடுப்புக்கு மேலே கம்பு போட்டுத் தொங்கவிடுவார்கள். தினமும் புகை குடித்த பூண்டுதான் விதைக்கு ஆகும். அழுகாது, பூச்சி அண்டாது. விதை வாங்க வருகிறவன் வீட்டுக்காரன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அடுப்படிக்குள் நுழைந்து அண்ணாந்து பார்ப்பான். பரண் நிறைந்திருந்தால் ஆள் தெம்பானவன். இடைவெளி தெரிந்தால் அவசரத்துக்கு விற்றுத் தின்றவன். அப்புறம் விலை பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

அதனால்தான் பொன்னுவேல் ரோஸ் கலர் வீட்டை எழுப்பியபோதும், பின்பக்கம் ஒட்டியிருந்த பழைய விறகடுப்படியை இடிக்கவில்லை. சுந்தராம்பாளுக்கும் அது தேவைப்பட்டது. கவுஞ்சிக் குளிரில் மாவு தானாகப் புளிக்காது. இரவெல்லாம் கணகணப்பான அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால்தான் காலையில் பொங்கி நிற்கும். ஆகவே அவளுடைய கிரைண்டரும் அங்கேதான் இருந்தது. அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, பரணுக்கு நேர் கீழே.

அந்தக் கிரைண்டர் சுந்தராம்பாளுடைய சொந்தச் சொத்து. புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பீன்ஸ் பறித்த கூலியில் மூன்று வருஷம் சேர்த்து வாங்கியது. அதற்கு முன்னால் முப்பது வருஷம் ஆட்டுக்கல். ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீரில் ஊறிய அரிசியைத் தொட்டுத் தொட்டுத் தள்ளி, விரல் கணுவெல்லாம் வீங்கிப்போய், வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் ஆகிவிட்டது. கிரைண்டர் வந்த நாளில் சுவிட்சைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்து, மாவு அரைபடுவதை முக்கால் மணி நேரம் வேடிக்கை பார்த்தாள். பொன்னுவேல் கூட அன்று பெருமை பேசவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

போன ஐப்பசியில் நடந்தது இது. திங்கட்கிழமை மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து விதைப்பூண்டு பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தது. பொன்னுவேல் பரணில் நடுவே மூன்று முழத்துக்கு இடைவெளி. அடுத்த வீட்டுச் சின்னச்சாமி பரணிலோ நுழைகிறவன் தலையில் பூண்டு இடித்தது. சின்னச்சாமி அவருக்கு இளவயதிலிருந்தே கூட்டாளி. அதனாலேயே அவன் பரண் நிறைந்திருப்பது இவருக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்னுவேல், சுந்தராம்பாளின் தம்பி ராஜமுருகனுடைய வீட்டிலிருந்து முப்பது கட்டுப் பூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏணி போட்டு ஏறி, தன் பூண்டோடு பூண்டாக அதையும் கோத்துத் தொங்கவிட ஆரம்பித்தார்.

"ஏங்க," என்றாள் சுந்தராம்பாள் கீழேயிருந்து. "நடுக்கம்பு புகை குடிச்சு இத்துப் போயிக் கெடக்கு. நேத்துக்கூட மாவுக்குள்ள தூசி கொட்டுச்சு."

"ஏ புள்ள, இது நான் கையால வெட்டிச் செதுக்குன தைலமரம். யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கும்."

"யானையத் தொங்கவிடுங்க, எனக்கென்ன வந்துச்சு. என் கிரைண்டருக்கு மேல தொங்கவிடாதீங்க."

அவர் காதில் வாங்கவில்லை. முப்பது கட்டையும் ஏற்றிவிட்டு, வாசலில் போய் நின்று விதைக்காரன் பார்ப்பது போலவே அண்ணாந்து பார்த்தார். சின்னச்சாமி பரணெல்லாம் இதற்கு முன்னால் என்ன! சுந்தராம்பாள் துணி துவைக்கக் குளத்துக்குப் போனாள். இவர் முற்றத்தில் உட்கார்ந்து கேரட் கழிவைப் பின்பக்கம் வாரிக் கொட்டலாமா, நாளைக்குக் கொட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது விழுந்தது. முதலில் 'மடார்' என்று ஒரு சத்தம். அப்புறம் பொதபொதவென்று நூறு சாக்கு விழுகிற மாதிரி. கடைசியில் இரும்பு நசுங்குகிற கிறீச்சல்.

உள்ளே ஓடிப் பார்த்தார். பரண் இருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. கம்பு இரண்டாக ஒடிந்து, பூண்டு மொத்தமும் கிரைண்டர் மேல் மலையாகக் கிடந்தது. வாரி ஒதுக்கினால், டிரம் சப்பையாக நெளிந்திருந்தது, மோட்டார் மூடி தெறித்திருந்தது, ஒரு கால் மடங்கி ஆள் மண்டியிட்ட மாதிரி நின்றது. குழவிக் கல் மட்டும் சேதமில்லாமல் உருண்டு வாசற்படியில் கிடந்தது.

"ஏலே பொன்னுவேலு! என்னப்பா சத்தம்?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் சின்னச்சாமி குரல் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே வந்துவிட்டான்.

பொன்னுவேலுக்கு யோசிக்க மூன்று மூச்சு நேரம்தான் இருந்தது. தான் செதுக்கிய கம்பு ஒடிந்தது என்று சொல்வதா? அதுவும் மச்சினன் பூண்டை இரவல் வாங்கித் தொங்கவிட்டு ஒடிந்தது என்று சொல்வதா? அதுவும் இவனிடமா? பின்கதவு திறந்திருப்பது கண்ணில் பட்டது.

"காட்டுமாடுப்பா," என்றார்.

"காட்டுமாடா? அடுப்படிக்குள்ளயா?"

"பின்கதவு வழியா தலைய விட்டுருச்சு. பூண்டு வாசம் புடிச்சு வந்திருக்கும்போல. நான் ஒரு அதட்டு அதட்டுனேன், கம்பையும் இடிச்சுத் தள்ளிட்டு ஓடிப்போச்சு."

காட்டுமாடு ஊருக்குள் வருவது அந்த மலையில் புதிதல்ல. முட்டைக்கோஸ் காட்டில் நிற்கும், ரோட்டில் நிற்கும், பள்ளிக்கூட வாசலில்கூட நிற்கும். ஆனால் பூண்டு தின்ன அடுப்படிக்குள் வந்த மாடு கவுஞ்சி சரித்திரத்தில் அதுதான் முதல். சின்னச்சாமி பூண்டு மலையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், தாடையைச் சொறிந்தான்.

குளத்திலிருந்து வந்த சுந்தராம்பாள் ஈரத் துணி வாளியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். கிரைண்டரைப் பார்த்தாள். அண்ணாந்து ஒடிந்த கம்பைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"மாடு," என்றார் அவர்.

"ம்," என்றாள் அவள். அதோடு சரி.

மறுநாள் வெள்ளனே எழுந்த பொன்னுவேலுக்கு ஒரு சத்தம் கேட்டது. கறக், கறக் என்று. பின்பக்கம் போய்ப் பார்த்தார். கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிடந்த பழைய ஆட்டுக்கல்லைக் கழுவி நிமிர்த்தி வைத்து, சுந்தராம்பாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தாள். வலது தோள் வராததால் இடது கையால் குழவியைப் பிடித்திருந்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவள் திட்டவில்லை.

"ஏ புள்ள, கடையில மாவு பாக்கெட் வாங்கிக்குவோம்."

"அந்த மாவுல நீங்க தோசை தின்பீங்களா?"

தின்ன மாட்டார். அதையும் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வீடு கட்டக் கடன் வாங்கியபோது பேங்கில் ஒரு இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டார்கள். வீட்டுக்கும், வீட்டுக்குள் இருக்கிற சாமானுக்கும். அந்தக் காகிதம் பிளாஸ்டிக் கவரில் பட்டாவோடு சேர்ந்து பீரோவில் கிடந்தது. பொன்னுவேல் வெளியில் எடுத்துத் தூசி தட்டினார்.

"பாத்தியா? ஊர்ல எவன் வீட்டுக்காவது இது இருக்கா? வருமுன்ன யோசிச்சு வச்சவன் நான்."

"குடுங்க, நான் படிச்சுப் பாக்குறேன்," என்றாள் சுந்தராம்பாள். அவள் ஐந்தாம் வகுப்பு.

"சும்மா இரு. எனக்குத் தெரியாததா? போன் போட்டா வேலை முடிஞ்சுது."

டீக்கடைக்குப் போய், நாலு பேர் காதில் விழப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண்பிள்ளை.

"என்ன சேதம் சார்?"

"கிரைண்டர்மா."

"எப்படி சேதமாச்சு?"

கடைக்காரி இருளாயி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் சின்னச்சாமி.

"காட்டுமாடும்மா. ரெண்டு."

"ரெண்டா? நேத்து ஒண்ணுன்னல்ல சொன்னே?" என்றான் சின்னச்சாமி.

பொன்னுவேல் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. கவர்மெண்டு சோலி நடக்குது, நடுவுல பேசாதே," என்றார்.

போனில் அந்தப் பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, சேதத்தைப் பார்க்க நான்கு நாளில் ஆள் வரும், அதுவரை எதையும் நகர்த்த வேண்டாம் என்று சொல்லி வைத்தாள்.

அந்த நான்கு நாளில் மாடு வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை பொன்னுவேல் அதன் கொம்பைப் பிடித்துத் திருப்பினார். புதன்கிழமை அது அவரைப் பார்த்துப் பின்வாங்கியது. கேட்டவர்கள் வழக்கம்போலப் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்டார்கள். ஆனால் பாதியைத் தள்ளிய பிறகும் ஒரு மாடு மிச்சம் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. கீழத்தெருப் பெண்கள் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். இருளாயி விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் கடை திறப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் தாயி, வெள்ளனே டீ குடிச்சாத்தானே காட்டுக்குப் போக முடியும்?" என்று பொன்னுவேல் கேட்டார்.

"எனக்கு ஒங்கள மாதிரி கொம்பைப் புடிக்கத் தெரியாதுண்ணே," என்றாள் அவள்.

ஆக, டீயும் போயிற்று. வீட்டில் கறக் கறக் சத்தம் மட்டும் தினமும் விடிவதற்கு முன்னால் கேட்டது. விதைக்காரன் திங்கட்கிழமை வந்து, ஒடிந்த பரணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டான். அவன் நேரே சின்னச்சாமி வீட்டுக்குள் நுழைந்ததை இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆனால் அதுகூட ஆட்டுக்கல் சத்தம் போல அவரை அறுக்கவில்லை. ராத்திரி சுந்தராம்பாள் தோளில் தைலம் தேய்த்துக்கொள்ளக் கை எட்டாமல் திணறும்போது, "குடு, நான் தேய்க்கிறேன்," என்பார். "வேணாங்க, கொம்பைப் புடிச்ச கை, வலிக்கும்," என்பாள்.

வியாழக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் அந்த ஆள் வந்தது. ஆள் என்றால், திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண். பெயர் ஸ்வேதா. முப்பது வயது இருக்கும், கையில் ஒரு பை, கழுத்தில் அடையாள அட்டை. இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும் இடத்துக்குப் போய், சேதத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவளுடைய வேலை. குளிருக்கு இருளாயி கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வழி கேட்டிருக்கிறாள். இருளாயி வழியோடு மாட்டுக் கதை மூன்றையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அவள் வரும்போதே பின்னால் சின்னச்சாமியும் வந்தான். தகவல் தெரிந்து ராஜமுருகனும் வந்து நின்றான். பொன்னுவேல் வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பையில் பேனா செருகி, அடுப்படிக்கு முன்னே நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா. இந்த வீட்டுக் கல்லு சுமந்தது..."

"கிரைண்டர் எங்கய்யா இருக்கு?" என்றாள் ஸ்வேதா.

அவள் குனிந்து பார்த்தாள், படம் எடுத்தாள். மோட்டார் சந்துக்குள் சிக்கியிருந்த பூண்டுப் பற்களை எடுத்துப் பார்த்தாள். அண்ணாந்து ஒடிந்த கம்பின் நுனியைக் கிள்ளினாள். கரித்தூளாகக் கையோடு வந்தது. பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்று, சேற்றைப் பார்த்தாள். கோழிக்கால் தடம் இருந்தது. சுந்தராம்பாள் செருப்புத் தடம் இருந்தது. ஆட்டுக்கல்லும், அதன் பக்கத்தில் மணையும் இருந்தன.

"மாடு எந்தப் பக்கமா வந்துச்சுங்கய்யா?"

"இப்படித்தாம்மா. இப்படி வந்து... இப்படி."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும்மா," என்றான் சின்னச்சாமி முந்திக்கொண்டு. "ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. கொம்பைப் புடிச்சது எதைன்னுதான் இன்னும் முடிவாகல."

ராஜமுருகன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

ஸ்வேதா சிரிக்கவில்லை. சுந்தராம்பாளைப் பார்த்து, "அம்மா, நீங்க என்ன பாத்தீங்க?" என்றாள்.

"நான் அப்பக் குளத்துல துவைச்சுக்கிட்டிருந்தேம்மா. அவரையே கேளுங்க. அவருதான் கூட இருந்தாரு."

ஸ்வேதா பைக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். "ஐயா, காட்டு விலங்கால சேதம்னு நீங்க போன்ல சொல்லிருக்கீங்க. அப்படின்னா வனத்துறைகிட்டயிருந்து ஒரு சான்று வேணும். அவங்க ஆளு வந்து பாத்து எழுதித் தரணும். இல்லேன்னா, காரணம் தெரியலன்னுதான் நான் எழுத முடியும். காரணம் தெரியலன்னா கம்பெனி எதுவும் பண்ணாது."

"வனத்துறை ஆளைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு," என்றான் சின்னச்சாமி ஆர்வமாக. "வரட்டும். என் முட்டைக்கோஸையும் காமிக்கணும்."

பொன்னுவேலுக்கு வியர்த்தது. கவுஞ்சியில், ஐப்பசியில். காட்டாபீஸ் ஆள் வருவான். சேற்றைப் பார்ப்பான். குளம்புத் தடம் எங்கே என்பான். ஊர் முழுக்கக் கூடி நிற்கும். கேட்டால், மாடு மிதிக்காமல் பறந்து போனது என்று சொல்ல வேண்டியதுதான். இல்லையென்றால் இந்தப் பெண் 'காரணம் தெரியல' என்று எழுதிவிட்டு ரெண்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பாள். அதில் அவருக்கு ஒரு குறைவும் வராது. கதை கதையாகவே நிற்கும். கிரைண்டர் மட்டும் இப்படியே மண்டியிட்டு நிற்கும்.

ஸ்வேதா பேனாவைத் திறந்தாள்.

பின்பக்கம் கறக் என்றது. புளித்த மாவு வந்தவர்களுக்குத் தோசை ஊற்றவே சரியாகிவிடும், நாளைக்கு மாவு வேண்டுமே என்று, ஊறப்போட்டிருந்த உளுந்தை எடுத்துக்கொண்டு சுந்தராம்பாள் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். துணி சுற்றிய விரல்கள். இடது கை. கறக், கறக்.

"நிறுத்து புள்ள," என்றார் பொன்னுவேல். குரல் அவருக்கே வேறு ஆளுடையது போலக் கேட்டது. "நீங்களும் நிறுத்துங்கம்மா. அதை எழுதாதீங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மாடு வரல," என்றார்.

ஸ்வேதா பேனாவைத் தாளிலிருந்து எடுத்தாள்.

"மாடும் வரல, கன்னுக்குட்டியும் வரல. கம்பு ஒடிஞ்சிருச்சு. பூண்டு மொத்தமும் கிரைண்டர் மேல விழுந்துச்சு. எழுதிக்கங்க."

"கம்பு ஏங்கய்யா ஒடிஞ்சுது?"

"இத்துப் போச்சு. இத்துப் போச்சுன்னு இவ சொன்னா. நான் கேக்கல." சின்னச்சாமி இரண்டடி முன்னால் வந்து நின்றான். இந்த ஒரு வாக்கியத்தை அவன் காது கேட்கச் சொல்வதற்குப் பதிலாக இரண்டு மூட்டை கேரட்டைச் சுமந்துகொண்டு மன்னவனூர் வரை நடந்துவிடலாம். "பாரம் கூடிப்போச்சு. அதுல முப்பது கட்டு எம்பூண்டு இல்ல. மச்சினன் பூண்டு. பரண் நிறைஞ்சு தெரியணும்னு இரவல் வாங்கித் தொங்கவிட்டேன்."

சின்னச்சாமி சிரித்தான். சாதாரணச் சிரிப்பா அது! சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, உட்கார்ந்து, மறுபடி எழுந்து சிரித்தான்.

"ஏலே, முப்பது கட்டா? அதான் ஞாயித்துக்கிழமை நீ பொணந்தூக்கி மாதிரி சாக்கு சாக்கா தூக்கிட்டுப் போனியா? ஏதோ பாவம் சோலியா போறான்னுல்ல நெனச்சேன்!"

"சிரிடா, சிரி. ஒன் பரணுல பாதி ஒன் மருமகன் பூண்டு. எனக்குத் தெரியாதா?"

சின்னச்சாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. ராஜமுருகன், "ஆமா மச்சான், அந்த மருமகன் பூண்டை ராத்திரியோட ராத்திரியா இவருக்கு நாந்தான் தூக்கிட்டு வந்து கொடுத்தேன்," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தான்.

இந்த முறை ஸ்வேதாவும் சிரித்துவிட்டாள். பிறகு தாளைத் திருப்பி, அவர் சொன்னதை வரி வரியாக எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'இத்துப்போன கம்பு' என்று வந்தபோது பொன்னுவேல் கண்ணை மூடிக்கொண்டார். 'மைத்துனருடைய முப்பது கட்டு' என்று வந்தபோது சின்னச்சாமி, "இன்னொரு தடவை அதைப் படிங்கம்மா," என்றான். கீழே பொன்னுவேல் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வகுப்புப் படித்தவர்தான். ஆனாலும் கையெழுத்து பாதித் தாளுக்கு நீளும்.

"மொதல்லயே இதைச் சொல்லிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்கும்யா," என்றாள் ஸ்வேதா. "வீட்டுக் கூரையோ பரணோ சரிஞ்சு உள்ள இருக்கிற சாமான் சேதமானா, ஒங்க பாலிசியில அதுக்கு இடம் இருக்கு. காட்டு விலங்குன்னாத்தான் வனத்துறைச் சான்று இல்லாம நடக்காது. பாரம் ஏத்துனதையும் நான் எழுதியிருக்கேன், மறைக்க முடியாது. கிரைண்டர் பழசு, அதுக்கும் கொஞ்சம் கழிப்பாங்க. முழுசாக் கெடைக்காது. ஆனா ரிப்பேருக்கு வரும்னு நெனைக்கிறேன்."

"இடம் இருக்கா?" என்றார் பொன்னுவேல் நம்பமுடியாமல்.

"ஆறாம் பக்கம்," என்றாள் சுந்தராம்பாள், உளுந்துக் கையோடு. "கீழேயிருந்து மூணாவது வரி. தமிழ்லதான் போட்டிருக்கு."

"நீ படிச்சியா?"

"நீங்க போன் போட்ட அன்னைக்கே படிச்சேன்."

"அப்புறம் ஏன் புள்ள சொல்லல?"

"சும்மா இருன்னீங்க. இருந்தேன்."

ஸ்வேதா நாலு தோசை தின்றுவிட்டு, ஆட்டுக்கல் மாவு தோசைக்கு ஈடு கிடையாது என்று சொன்னாள். பொன்னுவேல், "அப்படிச் சொல்லாதீங்கம்மா, இவ காதுல விழுந்துறப் போவுது," என்று பதறினார். பிறகு அவரே கூட நடந்து போய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

பதினேழாம் நாள் கொடைக்கானலிலிருந்து மெக்கானிக் வந்தான். புது டிரம், புது மோட்டார் மாட்டி, மடங்கிய காலை நிமிர்த்தினான். கழிவு போக மீதியைக் கம்பெனி கொடுத்தது; குறைந்ததைப் பொன்னுவேல் பூண்டு விற்றுப் போட்டார். புதுக் கம்பு போட்ட பிறகு பாதிப் பரண்தான் நிறைந்திருந்தது. அதே மன்னவனூர்க்காரன் திரும்பி வந்து, அண்ணாந்து பார்த்து, "மிச்சத்தையெல்லாம் மச்சினனுக்குத் திருப்பிக் கொடுத்துட்டீங்களாமே," என்று சிரித்துக்கொண்டே இருந்ததை வாங்கிப் போனான். நல்ல விதை. அதில் எவனும் குறை சொல்ல முடியாது.

முதல் ஒரு வாரம் அந்தக் கிரைண்டரில் அரைத்த தோசை பூராவும் பூண்டு வாசம். யாரும் குறை சொல்லவில்லை. ராஜமுருகன் மட்டும், "இது எம்பூண்டு வாசமா, மச்சான் பூண்டு வாசமா?" என்று கேட்டு ஒரு தோசை கூடுதலாகத் தின்றான்.

சுந்தராம்பாள் கிரைண்டரைப் பரணுக்குக் கீழே திரும்ப வைக்க விடவில்லை. புது வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். மாவை மட்டும் அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் புளிக்க வைத்தாள். ஆட்டுக்கல் மறுபடி கோழிக்குப் போயிற்று. ராத்திரி தோளுக்குத் தைலம் தேய்க்கிற வேலையும் பொன்னுவேலிடம் வந்து சேர்ந்தது. "கொம்பு புடிக்காத கைதானே, தேய்ங்க," என்றாள்.

இருளாயி மறுபடி வெள்ளனே கடை திறந்தாள். முதல் டீ பொன்னுவேலுக்கு. ஒரு வாரம் தலைகுனிந்து குடித்தார். எட்டாம் நாள் தலை நிமிர்ந்தது.

"இந்தக் கவுஞ்சியில," என்று ஆரம்பித்தார், "ஆபீசர் முன்னால நின்னு, நெஞ்ச நிமித்தி, உள்ளதை உள்ளபடி சொல்லி, அதுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் எவனாச்சும் இருக்கானா? தாள்ல ஏறிருக்குப்பா. கம்பெனி பீரோவுல இருக்கு. அழிக்க முடியாது."

"அந்தம்மா அழுதுருச்சாமே?" என்றான் சின்னச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே.

"அழல. கண்ணு கலங்குச்சு."

"அதுக்கு நான் சாட்சி. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கலங்குச்சு."

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் பொன்னுவேல் அண்ணாந்து பரணைக் காட்டுவதில்லை. கூடத்தில் நிறுத்தி, டிவியைத் தாண்டி, கிரைண்டரைக் காட்டுகிறார். "இது சாதாரணக் கிரைண்டர் இல்ல. இன்சூரன்ஸ் கிரைண்டர். சத்தியத்துக்குக் கெடைச்சது," என்று ஆரம்பித்துக் கம்பு ஒடிந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்கிறார். அந்த முப்பது கட்டு இப்போது ஐம்பது கட்டாகிவிட்டது.

முடிக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

"மாட்டையும் சொல்லுங்க. வந்தவங்க டீ குடிக்கிற வரைக்கும் இருப்பாங்கல்ல."